பீன்ஸ்ல நார் ஏன் திரும்ப வருது? ஜீனோம் படிச்சா என்ன கிடைக்கும்?

பொரியலுக்கு பீன்ஸ் நறுக்கும்போது முனையைக் கிள்ளி இழுத்தா சில காய்ல நீளமா ஒரு நார் உரிஞ்சு வரும், சில காய்ல ஒண்ணுமே வராது. நாரில்லாத பீன்ஸ் தானா வந்தது இல்ல. 1890கள்ல அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல கால்வின் கீனின்னு ஒருத்தர் நார் இல்லாத செடியா பார்த்துப் பார்த்து பொறுக்கி, கலந்து, விதையாக்கி விட்டாரு, அதுல இருந்து வந்த வழி இது. ஆனா அன்னைலருந்தே விதை கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி உண்டு. சுத்தமான நாரில்லா ரகத்தைத்தான் விதைப்பாங்க, வயல்ல அங்கொண்ணு இங்கொண்ணு நாரோட காய்ச்சு நிக்கும். பக்கத்து வயல் மகரந்தம் வந்து கலந்துடுச்சுன்னு சொல்லவும் முடியாது, ஏன்னா பீன்ஸ் பூ பெரும்பாலும் தனக்குத் தானே மகரந்தச் சேர்க்கை பண்ணிக்கிற ஜாதி.

நூறு வருஷத்துக்கு மேல இழுத்த இந்த விஷயத்துக்கு 2022லதான் சரியான பதில் கிடைச்சது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாக ஆளுங்க நாரில்லா ரகத்தையும் அதுல இருந்தே நாருக்குத் திரும்பிப்போன செடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டிஎன்ஏவைப் படிச்சாங்க. காய் ஓரத்துல நார் உருவாகுறதுல கை இருக்கிற ஒரு ஜீன், நாரில்லா ரகத்துல ஒண்ணுக்கு ரெண்டா அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கு, நடுவுல ஒரு ‘தாவும் ஜீன்’, அதாவது ஜீனோம்ல இடம் விட்டு இடம் தாவுற டிஎன்ஏ துண்டு, வேற வந்து செருகிக்கிட்டு இருக்கு. இதனால அந்த ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்யுது, நார் உருவாகுறது கெட்டுப்போகுது. ஒரே மாதிரி ரெண்டு காப்பி ஒட்டி ஒட்டி இருந்தா, குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டு மாத்திக்கிற சமயத்துல எப்பவாவது ஒரு காப்பி கழண்டு போயிடும், அப்படிப் போனா ஜீன் பழைய நிலைக்கு வந்துடும், நாரும் வந்துடும். செடியை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் இது தெரியாது, டிஎன்ஏவை எழுத்து எழுத்தா, அதாவது ஏ, டி, ஜி, சின்னு குறிக்கிற நாலு வேதிப்பொருள் எந்த வரிசையில இருக்குன்னு, படிச்சாத்தான் தெரியும்.

அந்த எழுத்து எவ்வளவுன்னா, பீன்ஸுக்கு 11 ஜோடி குரோமோசோம், மொத்தம் சுமார் 58.7 கோடி எழுத்து, இந்த மொத்தத்தைத்தான் ஜீனோம்னு சொல்றாங்க. மனுசனுக்கு 300 கோடிக்கு மேல, அதனால இது சின்ன ஜீனோம்தான். 2014ல முதல் முழு வரைபடம் வந்துச்சு, தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப்பக்கத்து நாட்டு ரகம் ஒண்ணை வச்சு. அதுல 47.3 கோடி எழுத்தை அடுக்க முடிஞ்சது, 27,197 ஜீன்னு கணக்கு வந்துச்சு. மிச்சத்தை ஏன் விட்டாங்கன்னா, மெஷின் டிஎன்ஏவை துண்டு துண்டாத்தான் படிக்கும், அப்புறம் கம்ப்யூட்டர் அதை ஒட்டி அடுக்கணும், ஜீனோம்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இந்த தாவும் ஜீன் வகையறாதான், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எந்தத் துண்டு எந்த இடம்னு குழம்பிடும்.

இன்னொண்ணு, நாம பொரியல் பண்ற பீன்ஸும் வடக்கத்திக்காரங்க ராஜ்மாவும் ஒரே இனம். மத்திய அமெரிக்காவுல ஒரு தடவை, ஆண்டிஸ்ல தனியா ஒரு தடவைன்னு சுமார் 8,000 வருஷம் முன்னாடி ரெண்டு தடவை காட்டுச்செடியில இருந்து வீட்டுப் பயிரா ஆயிருக்கு, இதையும் ஜீனோம்தான் தெளிவா காட்டுச்சு.

சரி, வரைபடம் கையில இருந்தா புது ரகம் எப்படி வரும்? இங்கதான் நிறைய பேர் இது ‘மரபணு மாற்று’ பயிருன்னு நினைச்சுக்கிறாங்க. 2010ல மரபணு மாத்தின பிடி கத்திரிக்காய நிறுத்தி வச்சப்ப நடந்த சண்டை இன்னும் ஞாபகத்துல இருக்கிறதால ஜீன்னு சொன்னாலே ஒரு பயம். இந்த வேலையில வெளியில இருந்து ஜீன் எதையும் திணிக்கிறது இல்ல. பழைய மாதிரியேதான், ரெண்டு செடியைக் கலக்குறது, வர்ற பிள்ளைகள்ல நல்லதை வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுறது. ஜீனோம் உதவுறது அந்தத் தூக்கிப் போடுற இடத்துல. வளர்த்து, பூக்க விட்டு, காய்க்க விட்டு அப்புறம் கழிக்கிறதுக்குப் பதிலா நாத்தா இருக்கும்போதே கழிச்சுடலாம், என்னைக் கேட்டா மொத்த சமாச்சாரமும் இவ்ளோதான்.

அதுக்கு மார்க்கர்னு ஒண்ணு வேணும். நம்மூர்ல யாரும் கதவு நம்பர் சொல்லி வழி சொல்றதில்ல, ‘ரோகிணி தியேட்டர் தாண்டி’ம்போம், அந்த மாதிரி வேண்டிய ஜீனுக்குப் பக்கத்துல ரகத்துக்கு ரகம் மாறுற ஒரு எழுத்தைப் பிடிச்சு வச்சுக்கிறாங்க. அந்த எழுத்து இருந்தா ஜீனும் கூட இருக்கும்னு நம்பலாம், ரெண்டும் தள்ளித் தள்ளி இருந்தா நடுவுல துண்டு மாறி ஏமாத்திடும். ஜீனோம் கையில இருக்கிறதால ரொம்ப கிட்டக்க இருக்கிற எழுத்தையோ, ஜீனுக்குள்ளயே இருக்கிற எழுத்தையோ தேர்ந்தெடுக்கலாம். லேப்ல நாத்து இலையில பஞ்ச் பண்ணி குட்டியா ஒரு வட்டத்தை எடுத்து, 96 குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டுல ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடின்னு போட்டு, டிஎன்ஏ எடுத்து, கொரோனா டெஸ்ட்டுக்கு ஓட்டினோமே அதே பிசிஆர்தான் ஓட்டுவாங்க. பீன்ஸ் விதை பெருசா இருக்கிறதால விதையிலயே முளை இல்லாத பக்கமா ஓரத்துல லேசா சீவி எடுத்தும் பார்க்கலாம், அப்புறமும் அது முளைக்கும்.

இதோட அருமை வைரஸ் விஷயத்துலதான் நல்லா புரியும். பீன்ஸை அடிக்கிற மொசைக் வைரஸுக்கு எதிரா ‘ஐ’ன்னு ஒரு ஜீன் இருக்கு. வைரஸ் உள்ள வந்ததும் அந்த இடத்து செல்லையே சாகடிச்சுப் பரவாம பண்ணிடும். ஆனா சில வைரஸ் வகை வந்தாலோ, சில வகையில வெயில் 30 டிகிரி தாண்டினாலோ சாவு அந்த இடத்தோட நிக்காது, நரம்பு வழியா ஓடி வேர் கறுத்து செடியே போயிடும். காப்பாத்த வந்ததே கொல்லுது. இதுக்கு மருந்து ‘பிசி-3’ன்னு இன்னொரு ஜீன். வைரஸ் தன்னோட புரதத்தை செய்றதுக்கு செடியோட ஒரு புரதத்தைக் கடன் வாங்கணும், பிசி-3 இருக்கிற செடியில அந்தப் புரதம் கொஞ்சம் மாறி இருக்கும், வைரஸால பிடிக்க முடியாது. ரெண்டையும் ஒரே செடியில சேர்த்தா பலமான பாதுகாப்பு. சிக்கல் என்னன்னா பிசி-3 இருந்தாலே செடி நல்லா இருக்கும், அது கூட ‘ஐ’ இருக்கா இல்லையான்னு வைரஸைத் தடவிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, ஒண்ணு இன்னொண்ணை மறைச்சிடும். மார்க்கர் வச்சுப் பார்த்தா ரெண்டும் இருக்கான்னு நேரா தெரிஞ்சுடும்.

அடுத்தது வெயில். சென்னை மாடித்தோட்டத்துல கோடைல பீன்ஸ் போட்டவங்களுக்குத் தெரியும், இலை நல்லா வரும், பூவும் வரும், ஆனா பூ உதிர்ந்துடும். ராத்திரி 20 டிகிரிக்கு மேல போனாலே மகரந்தம் கெட ஆரம்பிச்சுடும், நம்ம மே மாச ராத்திரிக்கு 28 டிகிரி. அதனாலதான் கோயம்பேட்டுக்கு பீன்ஸ் கொடைக்கானல், ஊட்டி, ஓசூர், பெங்களூரு பக்கம்னு வருது. கொலம்பியாவுல இருக்கிற சியாட் ஆராய்ச்சி மையம் இதுக்காக அமெரிக்கா மெக்சிகோ எல்லைப் பாலைவனத்துல விளையுற டெப்பரி பீன்ஸைக் கலந்து பார்த்தாங்க. இனம் வேற, அதனால கரு பாதியிலயே செத்துடும், காயைக் கிழிச்சு கருவை எடுத்து லேப்ல வளர்க்கணும். வழக்கத்தை விட 4 டிகிரி வரைக்கும் கூடுதல் சூடு தாங்குற வகைகள் கிடைச்சிருக்குன்னு 2015ல அறிவிச்சாங்க. டெப்பரியோட ஜீனோம் 2021ல வந்துச்சு, இப்ப எந்தத் துண்டு டெப்பரியில இருந்து வந்ததுன்னு பார்த்து, சூடு தாங்குற துண்டை வச்சுக்கிட்டு கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற குட்டி விதை மாதிரி வேண்டாததைக் கழிக்கலாம். அப்பவும் நம்மூரு மே மாசத்துக்கு 4 டிகிரி பத்தாது, அதையும் சொல்லிடணும்.

விளைச்சல்ங்கிறது வேற கதை. அதுக்கு ஒரு ஜீன் ரெண்டு ஜீன் இல்ல, நூத்துக்கணக்குல ஆளுக்குக் கொஞ்சம்னு பங்கு இருக்கும். அதனால ஆயிரக்கணக்கான மார்க்கரை மொத்தமா எடுத்து, வயல்ல அளந்த விளைச்சலோட சேர்த்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, புது நாத்தோட விளைச்சலைக் கணிக்க வைக்கிறாங்க. கணிப்பு எவ்வளவு சரின்னா, வயல்ல எடுத்த அளவு எவ்வளவு சரியோ அவ்வளவுதான். டிஎன்ஏவைப் படிக்கிற சீக்வென்சிங் விலை சரிஞ்சுக்கிட்டே போகுது, வயல்ல இறங்கி காய் எண்ற கூலி சரியலை.

இந்தியாவுல இது நடக்காம இல்ல. துவரை ஜீனோம் 2011ல ஹைதராபாத் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி மையம் தலைமையில வந்துச்சு. வறட்சி தாங்குற குரோமோசோம் துண்டை மார்க்கர் வச்சு ஏத்தின பூசா 10216 கொண்டைக்கடலை 2019ல வெளியாச்சு. நம்ம பக்கம் புதுக்கோட்டை வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துல உளுந்துதான் பெரிய வேலை, வெள்ளை ஈ பரப்புற மஞ்சள் தேமல் நோய்தான் அங்க முக்கிய எதிரி.

எனக்கு ஆசை அவரைக்காய் மேலதான். 2023ல அதோட ஜீனோமும் குரோமோசோம் வரைக்கும் அடுக்கி வந்துடுச்சு, அதுவும் ரெண்டு தடவை தனித்தனியா வீட்டுப் பயிரா ஆனதுதானாம், 2 விதைக் காய் ஒண்ணு, 4 விதைக் காய் ஒண்ணு. நாட்டு அவரையை ஆடியில போட்டா பகல் குறுகுற வரைக்கும் கொடியா ஏறிக்கிட்டே இருக்கும், மார்கழி தை பக்கம்தான் காய்ப்பு. பகல் நீளத்தைப் பார்க்காம காய்க்கிற குத்து ரகங்களை ஏற்கனவே கண்ணால பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்காங்க. அதுல மாறிப்போன ஜீன் எதுன்னு பிடிச்சுட்டா, நாட்டு அவரையோட வாசனையும் ருசியும் அப்படியே இருந்து எந்த மாசமும் காய்க்கிற செடியை நாத்துலயே பார்த்து எடுத்துடலாம்.