தரவுத்தளக் கோப்பை எப்போது சுருக்குவது?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறு விவசாயிகள் தரும் பச்சைத் தேயிலையின் எடை தினமும் கணினியில் ஏறும். மாதக் கடைசியில் விலை முடிவானதும் அந்த மாதப் பதிவுகள் அனைத்திலும் தொகை எழுதப்படும். 1,500 பேர், 30 நாள் என்றால் 45,000 வரிசைகள் ஒரே மூச்சில் மாறும். கோப்பு வீங்குவது இங்கேதான்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரு வரிசையை இருந்த இடத்திலேயே திருத்தாது. புதுப் பிரதியை எழுதிவிட்டு, பழையதைச் செத்த வரிசையாக அதே 8 கேபி பக்கத்திலேயே (கோப்பின் ஒரு துண்டு) விட்டுவைக்கும். அந்த இடத்தை மறுபயனுக்குக் கொடுப்பது வேக்யூம் என்ற துப்புரவுக் கட்டளை. அதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்யூம், இயல்பு அமைப்பில், மொத்த வரிசைகளில் 20 சதவீதத்தோடு இன்னும் 50 சேர்ந்து செத்த பிறகே கிளம்பும். 5 லட்சம் வரிசைக்கு அது 1,00,050. ஆக, மூன்றாம் மாதம்தான் முறை வரும். இந்த டேபிளுக்கு மட்டும் அந்த 20 சதவீத விகிதத்தை (0.2) 0.02 ஆக்கினால் மாதாமாதம் ஓடும்.

வேக்யூம் ஓடியும் செத்த வரிசைகள் குறையவில்லையா? யாரோ ஒரு பரிவர்த்தனையை (தரவுத்தளத்தில் ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) முடிக்காமல் திறந்தே வைத்திருக்கலாம். அது முடியும்வரை, அதற்குப் பின் செத்தவற்றை அகற்ற முடியாது. முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

வேக்யூம் பெரும்பாலும் கோப்பைச் சுருக்காது. அது நஷ்டமுமல்ல, காலி இடத்தில் அடுத்த மாதப் பதிவுகள் உட்காரும். அளவைப் பார்த்துப் பதறி, கோப்பையே சுருக்கும் வேக்யூம் ஃபுல் போட்டால் அடுத்த விலை நாளில் கோப்பு மறுபடி வீங்கும். பல வருடப் பழைய பதிவுகளை மொத்தமாக அழித்து, பாதிக்கு மேல் காலியாகி, அது நிரம்ப வழியில்லை என்றால் மட்டுமே வேக்யூம் ஃபுல் தேவை. காலி எத்தனை சதவீதம் என்பதை பிஜிஸ்டாட்டப்பிள் என்ற போஸ்ட்கிரெஸ் நீட்சி சொல்லும்.

வேக்யூம் ஃபுல் டேபிளையும், வரிசைகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்களையும் புதிதாக எழுதுகிறது. உயிருள்ள தரவு முழுவதற்கும் டிஸ்கில் கூடுதல் இடம் வேண்டும். முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கக்கூட முடியாது. அதனால் இலை வரத்து குறையும் உறைபனிக் காலத்து இரவே வசதி. நடுவில் மின்சாரம் போனாலும் பழைய கோப்பு பத்திரம். பாதி எழுதிய கோப்பு மட்டும் டிஸ்கை அடைத்துக் கிடக்கலாம். முடிந்ததும், டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டவும்.

சில சமயம் இண்டெக்ஸ் மட்டும்தான் வீங்கியிருக்கும். புது இண்டெக்ஸ் பக்கங்கள் 90 சதவீதம் நிறைந்திருக்கும். நாளடைவில் 70 ஆவது சகஜம். 40-க்கும் கீழே போனால் மறுபடி கட்டலாம். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பு முதல், பதிவு வேலையை நிறுத்தாமலே ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி என்ற கட்டளை அதைச் செய்கிறது. அது பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அதைக் கையால் நீக்கிவிட்டே மறுபடி தொடங்க வேண்டும்.