லோகோவும் செயலித் திரையும்: மோசமான நிலையை முதலில் வரையுங்கள்

புதிதாக வேலைக்கு வரும் டிசைனர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எல்லாம் சரியாக அமைந்த ஒரு திரையை முதலில் வரைந்துவிடுகிறார்கள். பயனர் பெயர் ‘ரவி’, பாக்கி ₹500, நெட் வேகமாக இருக்கிறது, போனும் புதுசு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். டெவலப்பர் உண்மையான தரவை உள்ளே விட்டதும் குலைந்துபோகும்.

மளிகைக் கடைகளின் கடன் கணக்குக்கு ஒரு தமிழ்ச் செயலி என்று வைத்துக்கொள்வோம். ஃபிக்மாவில் (திரைகளை வடிவமைக்கும் மென்பொருள்) போன் திரை அளவுக்கு 360 × 800 ஃப்ரேம் எடுத்து, ‘பாலசுப்பிரமணியன்’ என்ற பெயரையும் ₹1,25,000.00 என்ற தொகையையும் ஒரே வரியில் போட்டுப் பாருங்கள். பெயர் மடங்க வேண்டுமா, தொகை கீழே இறங்க வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம். திரையின் அடியில் 5 டேப் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 72 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் ஆண்ட்ராய்டு அலகு) அகலம்தான் கிடைக்கும். ‘பரிவர்த்தனைகள்’ அதில் 12 எஸ்பி (எழுத்துக்கான ஆண்ட்ராய்டு அலகு) அளவில்கூட அடங்காது. பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிதான் மிஞ்சும். எழுத்தை 9-க்குக் குறைப்பது தீர்வல்ல. டேப்பை 4 ஆக்குங்கள், அல்லது ‘கணக்கு’ என்று மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கிக்கொள்ளலாம். கண் மங்கிய கடைக்காரர் அதைத்தான் செய்வார். உயரத்தை 48 என்று பூட்டி வைத்த பட்டனுக்குள் அந்த எழுத்து நசுங்கும். 48 டிபி என்பது ஆண்ட்ராய்டில் விரல் படும் இடத்துக்கான குறைந்தபட்ச அளவு, ஐபோனில் 44 பாயின்ட். அதற்கு மேல் வளர இடம் விட்டு, உள்ளடக்கத்துக்கேற்ப அளவு மாறும் ஆட்டோ லேஅவுட்டில் அமைக்க வேண்டும். நிறத்திலும் இதே கண்டிப்பு தேவை. வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் எழுத்து மானிட்டரில் நாகரிகமாகத் தெரியும். அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, 3:1-ஐக்கூடத் தொடாது. சாதாரண அளவு எழுத்துக்குத் தேவை 4.5:1. #767676 அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டுகிறது. வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கு இன்னும் அடர்த்தியாகவே கொடுங்கள்.

தமிழ் எழுத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 லைன் ஹைட்டை (எழுத்தளவின் மடங்காகச் சொல்லும் வரி உயரம்) அப்படியே விட்டால், மேல்வரி ‘மூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் மோதிக்கொள்ளும். 1.5-இல் தொடங்குங்கள். எழுத்துகளுக்கு இடையே கூட்டும் லெட்டர் ஸ்பேசிங் பூஜ்யமாகவே இருக்கட்டும்; சில மென்பொருள்களில் அதைக் கூட்டினால் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி விழுந்தால் ஃபான்ட்டைக் குறை சொல்லாதீர்கள். பாரகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்து வரும் உள்ளடக்கத்தை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஃப்ரேமில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அதை காப்பி செய்யும் டெவலப்பருக்கு ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கும்.

லோகோவுக்கு வருவோம். ஹோர்டிங்கிலும் காபி கோப்பையிலும் ஒட்டிய மாக்கப்பை (மாதிரிப் படத்தை) காட்டி ஒப்புதல் வாங்குவது எளிது. அந்த லோகோ உண்மையில் தினமும் வாழப்போகும் இடம் போன் ஐகானும் பில் புத்தகமும்தான். எனவே கறுப்பு வெள்ளையில் ஆரம்பியுங்கள், நிறம் பிறகு வரட்டும். 1024 பிக்சல் கேன்வாஸில் 16 பிக்சல் தடிமனில் இழுத்த கோடு, 48 பிக்சலுக்குச் சுருங்கும்போது முக்கால் பிக்சலாகிவிடும். அதற்குமேல் அது கோடல்ல, மங்கலான ஒரு கறை. ஆண்ட்ராய்டின் அடாப்டிவ் ஐகானை ஒவ்வொரு போனும் வட்டம், சதுரம் என்று தன் வடிவ மாஸ்க்கில் வெட்டிக் காட்டும். அதன் அடுக்கு 108 டிபி என்றாலும், எந்த மாஸ்க்கிலும் வெட்டுப்படாத பகுதி நடுவிலுள்ள 66 டிபி வட்டம் மட்டுமே. கடைப்பெயர் முழுவதையும் அதற்குள் திணிக்கச் சொல்லும் கிளையன்ட்டிடம் வாதாட வேண்டாம். உண்மையான போனில் வைத்துக் காட்டினால் போதும்.

மூன்று மாதிரிக்கு மேல் காட்டாதீர்கள். எட்டு காட்டினால் ஒன்றின் தலையையும் இன்னொன்றின் காலையும் சேர்க்கச் சொல்வார்கள். எத்தனை சுற்றுத் திருத்தம், இறுதி ஒப்புதல் யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே மெயிலில் எழுதி வாங்குங்கள். முதலாளியின் மைத்துனர் கடைசி நாளில்தான் கருத்துச் சொல்வார்!

ஒப்படைக்கும்போது எஸ்விஜி, பிடிஎஃப், பின்னணியில்லாத பிஎன்ஜி, ஒற்றை நிற வடிவம், கருமையான பின்னணிக்கான வடிவம் எல்லாம் போக வேண்டும். அச்சுக்கு சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறங்கள்) மதிப்புகளைத் தனியாகக் கொடுங்கள். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் காகிதத்தில் மங்கித்தான் வரும். ஃபான்ட் இல்லாத கணினியிலும் மாறாதபடி எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றுங்கள், ஆனால் திருத்தக்கூடிய மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

உரிமத்தையும் பார்த்தாக வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருவதால் வணிக வேலைக்குத் தடையில்லை. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்டை லோகோவில் வைத்தால் நோட்டீஸ் கிளையன்ட்டுக்குப் போகும். ஸ்டாக் தளங்களின் படங்களை டிரேட்மார்க்காகப் பயன்படுத்த அவற்றின் உரிமங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடல் இலவசம். பதிவில் பொருள்களும் சேவைகளும் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: தரவிறக்கும் செயலிகளுக்கு வகுப்பு 9, மென்பொருள் சேவைகளுக்கு 42. பெயரையும் சின்னத்தையும் அங்கே தேடிவிட்டு, பிறகு பென்சிலைக் கையில் எடுங்கள்.