அனிமேஷன் – அசைவூட்டம்

லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். அதிலிருந்து 'உயிர் கொடு' என்ற பொருளில் ஒரு வினை பிறந்தது. அனிமேஷன் அந்த வழியில் வந்த சொல். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் வழங்கினாலும், திரைப்படத் தொழிலுக்குள் நுழைந்தது 1910களில்தான். 'கார்ட்டூன்' வந்த பாதை வேறு. இத்தாலிய மொழியில் அது தடித்த தாள். சுவரோவியம் தீட்டுமுன் அந்தத் தாளில் போடும் முழு அளவு மாதிரிக்கும் அதுவே பெயரானது. 1843இல் லண்டனின் 'பஞ்ச்' இதழ் அந்தப் பெயரைக் கேலிச்சித்திரத்துக்குச் சூட்டியது. ஆக, கார்ட்டூன் என்பது படத்தின் பெயர். அனிமேஷன் என்பது வேலையின் பெயர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. 'இயங்குபடம்' பொருந்தவில்லை, சினிமா முழுவதுமே இயங்கும் படம்தானே. 'உயிரூட்டல்' லத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் உயிர் பார்ப்பவர் மனதில் வருவது. வரைபவர் மேசையில் நடப்பது அசைவு. எனவே 'அசைவூட்டம்' என்பதே சரியான சொல். சோறூட்டு, வண்ணமூட்டு என எங்கே வந்தாலும் 'ஊட்டு' என்பதற்குப் பின்னால் ஊட்டும் ஆள் ஒருவர் இருக்கிறார். 1980களின் அமெரிக்கத் தொலைக்காட்சி கார்ட்டூன்களை இன்று ஏக்கத்தோடு திரும்பப் பார்ப்பவர்கள் அந்த ஆள் யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்று அவசியம் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கு. ஃபிலிமில் நொடிக்கு 24 ஃபிரேம். 22 நிமிட எபிசோடுக்கு 31,680 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 15,840 படம் வேண்டும். மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 10,560. இதையும் குறைக்க உடலை ஒரு செல்லில் (படம் தீட்டும் ஒளிபுகும் தகடு) அசையாமல் வைத்து, வாயை மட்டும் தனி செல்லில் மாற்றுவார்கள். ஊட்டும் அசைவு குறையக் குறையச் செலவும் குறையும்.

அந்தச் செலவுக்குக் காரணமும் கணக்கும் பொம்மை வியாபாரத்தில் இருந்தன. மாட்டெல் நிறுவனத்தின் ஹீ-மேன் பொம்மைகள் 1982இல் கடைக்கு வந்தன. தொடர் 1983இல் வந்தது. அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் 1984இல் விளம்பர நேர வரம்பை நீக்கியதும் வழி இன்னும் அகலமானது. ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்னும் உருமாறும் ரோபோக்கள் வரிசை அதே ஆண்டில் பொம்மையாகவும் தொடராகவும் வந்தது. 1986 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் நாயகர்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் கொல்லப்பட்டதற்குக் காரணமும் கதை அல்ல: பழைய பொம்மை வரிசையை விலக்கிப் புதியதை நிறுத்த வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் 10.5 நிமிடம் என்ற விளம்பர வரம்பு 1990 சட்டத்தில்தான் திரும்ப வந்தது.

தினசரி ஒளிபரப்புக்கு 65 எபிசோட் என்பது வழக்கம். வாரம் 5 நாள், 13 வாரம். நான்கு முறை சுற்றினால் ஓராண்டு நிரம்பிவிடும். 65 எபிசோட் என்றால் 20 லட்சம் ஃபிரேமுக்கு மேல். லாஸ் ஏஞ்சலஸ் கூலியில் அதை முடிக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் விரும்பவில்லை. அங்கே கதை, குரல்பதிவு, ஸ்டோரிபோர்டு (காட்சி வரிசைப் படங்கள்), பாத்திர மாதிரித் தாள், எக்ஸ்போஷர் ஷீட் (எந்த ஃபிரேமில் எந்தப் படம் என்று குறிக்கும் தாள்) வரை முடித்துக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கீ டிராயிங் (அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் படம்), இடைப்பட்ட படங்கள், வண்ணம், கேமரா எல்லாம் ஜப்பானின் டோயி, தென் கொரியாவின் அகோம், தைவானின் வாங் ஃபிலிம் போன்ற ஸ்டுடியோக்களில் நடந்தன. வேலை வெளிநாட்டுக்குப் போவதை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸ் தொழிற்சங்கம் 1979இல் வேலைநிறுத்தம் செய்து வென்றது, 1982இல் தோற்றது. ஹீ-மேனைத் தயாரித்த ஃபில்மேஷன் மட்டும் வேலையை உள்ளூரிலேயே வைத்திருந்தது. அதற்கு ஈடாக ஒரே ஓட்டத்தையும் ஒரே குத்தையும் எபிசோடுக்கு எபிசோட் திரும்பப் பயன்படுத்தியது.

இந்தத் தொடர்களில் கண்ணில் படும் நிறப் பிழைகள் எங்கே பிறந்தன என்பதை எக்ஸ்போஷர் ஷீட்டில் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு ஃபிரேம், ஒவ்வொரு பத்தியும் ஒரு செல் அடுக்கு. செல் முழுக்கத் தெளிவானதல்ல. லேசான சாயல் உண்டு. அடியில் இருக்கும் உருவம் மங்கித் தெரியும் என்பதால் அதற்கு வண்ணத்தைச் சற்று வெளிறக் கலப்பார்கள். ஷீட்டில் பத்தி மாறி, அடி அடுக்குக்குத் தீட்டிய செல் மேலே வந்துவிட்டால், காட்சியின் நடுவில் அந்த உருவத்தின் நிறம் சட்டென்று துள்ளும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள். அச்சுச் செலவை மிச்சப்படுத்த நிறத்தை மட்டும் மாற்றினார்கள். திரையிலும் வடிவம் ஒன்றேதான், எனவே வண்ண எண் ஒன்று தவறினால் ஆளே மாறிவிடுவார். தொடரில் இப்படிப்பட்ட நிறப் பிழைகள் ஏராளம். ஒளிபரப்புத் தேதி முன்பே குறிக்கப்பட்டிருக்கும், தவறிய காட்சியைத் திரும்ப எடுக்க நாள் இருக்காது. இதற்கு வண்ணம் தீட்டியவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பொம்மை அச்சையும் தேதியையும் முடிவு செய்தவர்கள் வேறு யாரோ.

துணைச் சொற்களையும் தீர்மானித்துவிடலாம். கீ டிராயிங் ஓர் அசைவின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகியவற்றைக் காட்டும் படம், 'முதன்மைப்படம்' எனலாம். இரு முதன்மைப்படங்களுக்கு நடுவே வரைபவை 'இடைப்படங்கள்'. எண்ணிக்கையில் மிகுதியும் இவையே. வரைந்தவர் பெயர் திரையில் வராமல் போனதும் பெரும்பாலும் இவற்றுக்கே. அனிமேட்டருக்கு 'அசைவூட்டுநர்' என்ற சொல் இடைப்படம் வரைந்தவருக்கும் சேர்த்தே பொருந்தும். அவுட்சோர்சிங்குக்கு நாளிதழ்கள் எழுதும் 'அயல்பணி' இங்கே போதும். அனிமேட்டட் சீரிஸ் 'அசைவூட்டத் தொடர்'. 'அசைவூட்டப்பட்ட தொடர்' என்று நீட்ட வேண்டியதில்லை.