ஈஸ்டர் எக்: கரந்துறை

ஒரு படைப்பை ஆக்கியவர், உன்னிப்பாகப் பார்ப்பவர் கண்டுபிடிக்கட்டும் என்று அதற்குள் வேண்டுமென்றே ஒளித்துவைக்கும் பெயர், எண், உருவம் முதலியவற்றை ‘ஈஸ்டர் எக்’ என்பர். திருகோணமலையில் அசைவூட்ட நகைச்சுவைத் தொடர்களை விரும்பிப் பார்க்கும் நம் பிள்ளைகளும் இச்சொல்லையே எடுத்தாளுகிறார்கள். ஆனால் தொடரில் நேர்ந்துவிட்ட பிழையையும், தொடரைப் பற்றிய துணுக்கையும்கூட இதே பெயரால் சுட்டுவது பொருந்தாது.

சொல் பிறந்த இடம் வீடியோ விளையாட்டு. அட்டாரி நிறுவனம் தன் நிரலாளர்களின் பெயர்களை வெளியிடாதிருந்த காலத்தில், வாரன் ராபினெட் என்பவர் தாம் உருவாக்கிய ‘அட்வென்ச்சர்’ விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையை அமைத்து, அங்கே தம் பெயரைப் பொறித்துவைத்தார். பின்னணியின் சாம்பல் நிறத்தோடு கரைந்து கிடக்கும் ஒரேயொரு புள்ளியைக் கண்டெடுத்துச் சுமந்து சென்றால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். 1980இல் விளையாட்டு விற்பனைக்கு வந்தபின் ஒருவர் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கு எழுத, அங்கு பணியாற்றிய ஸ்டீவ் ரைட், மேலைநாட்டுப் பிள்ளைகள் ஈஸ்டர் பண்டிகை நாளில் ஒளித்துவைத்த முட்டைகளைத் தேடும் வழக்கத்தை நினைந்து இப்பெயரை இட்டார்.

அசைவூட்டத் தொடரில் திரையில் தெரியும் ஒவ்வொரு கோடும் யாரோ வரைந்ததே என்பதால், ஒளித்துவைப்பதற்கு அங்கே இடம் மிகுதி. ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் 1998ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில், ஹோமர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதுகிறார்: 3987இன் 12ஆம் அடுக்கையும் 4365இன் 12ஆம் அடுக்கையும் கூட்டினால் 4472இன் 12ஆம் அடுக்கு வரும். பத்து இலக்கங்கள் காட்டும் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும். இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் இப்படி இரு முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்னும் பெர்மாவின் கடைசித் தேற்றமே பொய்த்துவிட்டதோ என்று மனம் ஒருகணம் திடுக்கிடும். ஆனால் இடப்பக்க எண்கள் இரண்டும் மூன்றால் வகுபடுபவை, 4472 வகுபடாதது. ஆகவே சமன்பாடு பொய். எழுத்தாளர் டேவிட் கோஹன் திட்டமிட்டு வைத்த பொறி இது. ‘ஃபியூச்சராமா’ என்னும் மற்றோர் அசைவூட்டத் தொடரில் பெண்டர் என்னும் இயந்திர மனிதனுக்கு உரிய எண் 1729. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தாலும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் கிடைக்கும் அவ்வெண்ணின் சிறப்பை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு விளக்கியவர் ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன் என்பதை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு, அந்தக் காட்சி தரும் பெருமிதம் தனியானது.

பிழை இதற்கு மாறானது. 1990இல் சிம்ப்சன்ஸின் தொடக்க அத்தியாயம் ஒன்றில் கருநிறத்தவராகத் தோன்றும் ஸ்மிதர்ஸ் என்னும் பாத்திரம், பின்னர் எப்போதும் மஞ்சள் நிறத்தவராகவே வருகிறது. வண்ணம் தீட்டுகையில் நேர்ந்த தவறு அது, யாரும் ஒளித்துவைத்ததன்று. இதனைத் ‘தொடர்ச்சிப் பிழை’ என்றால் போதும். தொடரை உருவாக்கிய மாட் கிரேனிங், தம் தந்தையின் பெயரையும் தங்கையர் பெயர்களையும் கதாபாத்திரங்களுக்குச் சூட்டினார் என்பதோ படைப்புக்கு வெளியிலிருந்து அறியும் செய்தியாதலால் ‘துணுக்கு’ ஆகும்.

‘ஈஸ்டர் முட்டை’ என்ற நேர் பெயர்ப்பு நமக்கு உதவாது. உயிர்த்த ஞாயிறு என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது திருப்பலியேயன்றி முட்டை தேடல் அன்று. தமிழ் யாப்பு மரபிலோ ஆயத்தமான சொல் இருக்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை மறைத்துவைப்பதைத் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் ‘கரந்துறைச் செய்யுள்’ என்று, எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் சித்திரகவிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. கரந்து உறைவது, அதாவது மறைந்து தங்குவது. கோணமாமலை அமர்ந்தாரை, அதாவது திருகோணமலைச் சிவனைப் பாடிய திருஞானசம்பந்தரே, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பதிகமும் பாடியவராதலால், எழுத்தை வைத்து ஆடும் இந்தக் கலை திருகோணமலைக்கு அந்நியமும் அன்று. ஆகவே ஈஸ்டர் எக் என்பதற்குக் ‘கரந்துறை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பெண்டரின் 1729 கரந்துறை எண். ராபினெட் பொறித்தது கரந்துறைப் பெயர். பொதுவாகச் சொல்லவேண்டிய இடத்தில் கரந்துறைக் குறிப்பு.