கொடுவந்த துப்பாக்கி: ‘பிரிங்பேக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் அடிக்கடி காதில் விழும் சொல் ‘பிரிங்பேக்’. மேசைமேல் மவுசர் என்ற ஜெர்மானியத் துப்பாக்கி ஒன்று கிடந்தால், விலை கேட்பதற்கு முன்பே "இது பிரிங்பேக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். போருக்குப் போன வீரர் எதிரியின் ஆயுதத்தை எடுத்துத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாரா என்பது கேள்வி. கொண்டுவருதல் என்ற வினைதான் அங்கே பொருளுக்கே பெயராகிவிட்டது. "இது எங்க தாத்தா கொண்டாந்தது" என்று நாம் சொல்வது போலத்தான்.

எதிரியிடம் பிடிபட்ட எல்லாத் துப்பாக்கியும் பிரிங்பேக் ஆகாது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஜெர்மானிய மவுசர்களை மலைமலையாகக் கைப்பற்றியது. அவற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, கிடங்கில் அடுக்கி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவை வியாபாரச் சரக்காக அமெரிக்காவுக்கு வந்தன. அதே மவுசர், அதே போர். ஆனால் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘ரஷ்யன் கேப்ச்சர்’ என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கைப்பற்றியது அரசு, விற்றது வியாபாரி. ஒரு தனி வீரரின் பை நடுவில் இல்லை. இந்தச் சொல்லின் உயிரே அந்தப் பையில்தான் இருக்கிறது.

அந்தப் பை மரத்தில் தழும்பையும் விட்டுவைத்திருக்கிறது. கே98கே என்ற மவுசர் ரகத்தின் நீளம் சுமார் 111 செ.மீ. வீரர்கள் தோளில் தொங்கவிடும் ‘டஃபல்’ பைக்குள் அது முழுசாக நுழையாது. அதனால் துப்பாக்கியின் மரக்கட்டையை நடுவில் ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கினார்கள். கண்ட இடத்தில் அறுக்கவில்லை. குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையம் இருக்கிறதே, அதற்கு நேர் கீழே அறுத்தார்கள். ஊருக்கு வந்து திரும்பப் பூட்டினால் வளையம் அந்த வெட்டை மறைத்துவிடும். இன்றைக்கும் வாங்குபவர் வளையத்தைத் தளர்த்தி நகர்த்திப் பார்க்கிறார். அங்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அது ‘டஃபல் கட்’. தமிழில் ‘பைவெட்டு’ என்று சொல்லிவிடலாம், புரியும். (டஃபல் என்பது பெல்ஜியத்தில் ஓர் ஊர். அங்கே நெய்த முரட்டுத் துணியிலிருந்து வந்த பெயர்.)

ஜப்பானிய அரிசாக்கா துப்பாக்கிகளில் வேறு அடையாளம். தோட்டா நுழையும் அறையின் மேல், ஜப்பானியப் பேரரசரின் முத்திரையான 16 இதழ்ச் செவ்வந்திப் பூவைப் பொறித்திருப்பார்கள். 1945-இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட பல துப்பாக்கிகளில் அந்தப் பூவை அரத்தால் ராவியோ, சாணை பிடித்தோ அழித்துவிட்டார்கள். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், பூ இருந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்தான் தெரியும். பூ அழியாமல் இருந்தால், சரணடைவதற்கு முன்பே களத்தில் எடுத்ததாக இருக்கலாம் என்று சேகரிப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரும் என்றில்லை. ஆனாலும் விலை அதை வைத்துத்தான் ஏறுகிறது.

கொண்டுவருவதற்குச் சீட்டும் உண்டு. 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின்படி, போர்க்கைதியின் சொந்தப் பொருள்கள் அவருக்கே உரியவை. ஆயுதம், குதிரை, ராணுவக் காகிதங்கள் மூன்றும் விலக்கு. அப்படி எடுக்கும் ஆயுதம், பிடித்த வீரருக்கு அல்ல, அவருடைய அரசுக்குத்தான் சேரும். அதனால் வீரர் அதை வைத்துக்கொள்ள மேலிடத்தின் அனுமதி வேண்டும். 1945 மே 28 தேதியிட்ட அமெரிக்கப் போர்த்துறைச் சுற்றறிக்கையைக் காட்டி, "இந்தப் பொருள்களை இவர் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம்" என்று அதிகாரி கையெழுத்திட்ட சீட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. துப்பாக்கியோடு அந்த மஞ்சளேறிய காகிதமும் இருந்தால் மதிப்பே தனி. காகிதம் இல்லாமல் கதை மட்டும் சொல்லி விற்பவர்களும் உண்டு. "கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு" என்று அனுபவசாலிகள் எச்சரிப்பது அதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வார் டிராபி’ என்று இன்னொரு ஆங்கிலப் பெயரும் இதற்கு உண்டு. அதை வைத்து மொழிபெயர்க்கப் போனால் ‘போர்க் கோப்பை’ என்று வந்து நிற்கும். ஏதோ கபடிப் போட்டியில் ஜெயித்தது மாதிரி. உண்மையில் டிராபியின் மூலம் கிரேக்கத்தின் ‘திரோபே’, அதாவது திரும்புதல். எதிரி புறமுதுகிட்டுத் திரும்பிய இடத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ நட்டு, அவன் விட்டுப்போன ஆயுதங்களை அதில் மாட்டுவார்கள். கோப்பை எல்லாம் பிற்பாடு வந்தது. ‘போர் நினைவுச் சின்னம்’ என்பதும் சரிப்படாது. இறந்தவர்களுக்குக் கட்டும் தூணுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

ரைஃபிள் என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை. ‘சுரண்டு, கீறு’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்தது. குழலின் உட்புறம் சுழல்சுழலாக வெட்டும் பள்ளத்தை அது குறிக்கிறது. அதே வினைதான் ஆங்கிலத்தில் கொள்ளையடிப்பதற்கும் ஒரு சொல்லைக் கொடுத்தது. தமிழில் ‘புரிதுப்பாக்கி’ எனலாம். வலம்புரியில் வரும் அதே புரி. துப்பாக்கி என்பதும் துருக்கிய வழி வந்த சொல்தான், தூய தமிழ் இல்லை. ஆனால் யாருக்கும் அந்நியமாகப் படாத அளவுக்கு ஊறிவிட்டது, இருக்கட்டும்.

பழந்தமிழில் எதிரியின் பொருளைக் கவர்ந்து வருவதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. தொல்காப்பியர் வெட்சித் திணையில் கவர்ந்த ஆநிரையை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்துவதைத் ‘தந்துநிறை’ என்றும், பங்கிடுவதைப் ‘பாதீடு’ என்றும் தனித்தனித் துறைகளாகவே வைத்தார். கொள்ளைப் பொருளுக்குக் ‘கொண்டி’ என்று பெயர். கொள் என்ற வேரிலிருந்து வந்தது. நல்ல சொல்தான். ஆனால் பட்டினப்பாலையின் ‘கொண்டி மகளிர்’, பிடித்துவரப்பட்ட பெண்களைக் குறிப்பது. கொண்டி என்று எழுதும்போது அந்த ஞாபகம் எனக்கு உறுத்துகிறது. பிடிப்பது வரைதான் அதன் பொருள் போகிறது, வீடு வந்து சேர்வது அதில் இல்லை என்ற குறையும் உண்டு.

எனக்குப் பிடித்த சொல் ஒரு கல்லில் இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் கரிய நிறத்தில் ஒரு துவாரபாலகர் நிற்கிறார். செதுக்கிய விதத்திலேயே சோழநாட்டுக் கை இல்லை என்று தெரியும். சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தை வென்ற சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் (விஜயராஜேந்திரன் என்பது அவன் பட்டப்பெயர்) அங்கிருந்து தூக்கி வந்தது. இன்று கர்நாடகத்தில் பசவகல்யாண் என்று சொல்கிறோமே, அதுதான் ஊர். பிறகு தாராசுரத்தில் இருந்தது. அதன் பீடத்தில் தமிழில் வெட்டியிருக்கிறார்கள்: "உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்."

கொடுவந்த. கொண்டுவந்த என்பதன் பழைய வடிவம். (எறிந்து என்றால் இங்கே தாக்கி அழித்து.) யார் எடுத்தார், எங்கே எடுத்தார், என்ன எடுத்தார் என்று மூன்றும் ஒரே வரியில். அமெரிக்க அதிகாரியின் சீட்டில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே விவரம்தான். இங்கே சீட்டைப் பொருள்மேலேயே எழுதிவிட்டார்கள், தொலைக்க முடியாது.

ஆகவே பிரிங்பேக்குக்குக் ‘கொடுவந்த துப்பாக்கி’ என்று எழுதலாம். ‘கொடு’ என்றதும் கொடுத்தல்தான் நினைவுக்கு வரும், மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுவா வரும் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் ‘கொணர்துப்பாக்கி’ இருக்கிறது. கொஞ்சம் செய்த சொல் மாதிரித் தோன்றினாலும் பொருள் பிசகாது. பேச்சில் ‘கொண்டாந்த துப்பாக்கி’ போதும். புழங்கும் விதத்துக்கு ஒரு வரி: "பைவெட்டு உள்ள மவுசர், சீட்டும் இருக்கிறது, கொடுவந்ததுதான், பக்கத்தில் இருக்கும் அரிசாக்காவில் பூ ராவியிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்."