பிள்ளையின் வளர்ச்சி: அளவைவிட வேகத்தைக் கவனியுங்கள்

"என் பிள்ளை வகுப்பிலேயே குள்ளம்" என்று பெற்றோர் சொல்லும்போது நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "போன வருடம் எவ்வளவு இருந்தான்?" என்பதுதான். பெரும்பாலும் பதில் இருக்காது. எடையை மட்டும் குறித்து வைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு அளவு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத்தான் காட்டும். எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அறிய இரண்டு அளவுகள் வேண்டும். பிறக்கும்போது நீளம் சுமார் 50 செ.மீ. முதல் ஆண்டில் ஏறக்குறைய 25 செ.மீ., இரண்டாம் ஆண்டில் 10 முதல் 12 செ.மீ. கூடும். நான்கு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 5 அல்லது 6 செ.மீ. என்று வேகம் தணிந்து, பருவமடையும் காலத்தில் மீண்டும் எகிறும். பெண்களுக்கு அந்த உச்சம் 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். மாதவிடாய் தொடங்கிய பிறகு பெண் பிள்ளைகள் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. மட்டுமே வளர்வார்கள். இது பலருக்குத் தெரியாததால், "வயதுக்கு வந்த பிறகு வளர்ந்துவிடுவாள்" என்று காத்திருந்து காலம் கடந்துவிடுகிறது.

நான்கு வயதுக்கும் பருவமடைதலுக்கும் இடையில் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளரும் பிள்ளையை, அது பார்வைக்கு உயரமாகவே இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதுக்கேற்ற உயரத்தைக் கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் ஒரு கோட்டின் மேல் சீராகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை அடுத்தடுத்த கோடுகளுக்குக் கீழே இறங்குவதும் இதே எச்சரிக்கைதான்.

அளக்கும் முறையில்தான் பாதித் தவறு நடக்கிறது. இரண்டு வயது வரை படுக்க வைத்தும் அதன் பிறகு நிற்க வைத்தும் அளக்க வேண்டும். படுத்த நிலையில் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. காலணியையும் தலையில் உள்ள கிளிப்பையும் கழற்றிவிட்டு, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படும்படி, பார்வை நேராக இருக்க நிற்க வையுங்கள். தலைமேல் தட்டையான அட்டையைச் சுவருக்குச் செங்குத்தாக (தரைக்கு இணையாக) வைத்துக் குறியுங்கள். மாலையில் முதுகெலும்பின் வட்டுகள் சற்று அமுங்கி உயரம் குறைவதால், எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. இரு அளவுகளுக்கு இடையே ஆறு மாதமாவது இருக்கட்டும். மூன்று மாத இடைவெளியில் அரை செ.மீ. பிழை வந்தால், ஆண்டுக் கணக்கில் அது 2 செ.மீ. ஆகிவிடும். மாதாமாதம் அளந்து கவலைப்படுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பிழையைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள்.

உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் பாதி பிடிபடும். எடை முதலில் குறைந்து உயரம் பின்னால் தடுமாறினால், உணவுப் பற்றாக்குறையையோ குடல் கோளாறையோ நாள்பட்ட நோயையோ தேட வேண்டும். எடை ஏறிக்கொண்டே போக உயரம் மட்டும் நின்றால், அது ஹார்மோன் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்: தைராய்டு குறைவு, கார்டிசோல் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) மிகுதி, வளர்ச்சி ஹார்மோன் குறைவு. அதிகம் சாப்பிட்டுப் பருமனான பிள்ளை பொதுவாகத் தன் வயதுக்கு உயரமாகவே இருக்கும். ஆகவே பருமனாகவும் குட்டையாகவும் உள்ள பிள்ளைக்கு "சாப்பாட்டைக் குறை" என்ற அறிவுரையோடு நிறுத்திவிடக் கூடாது. காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் பெண் பிள்ளைக்கு, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், டர்னர் குறைபாட்டுக்கான (ஒரு X குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை) குரோமோசோம் பரிசோதனை செய்வது வழக்கம்.

வேகம் கூடினாலும் மகிழ்ந்துவிட முடியாது. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும் ஆணுக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கினால், அந்தப் பிள்ளை சில காலம் எல்லோரையும்விட உயரமாகத் தெரியும். ஆனால் எலும்பு முனையில் அதை நீளவைக்கும் வளர்தட்டு சீக்கிரமே மூடிக்கொள்வதால் கடைசியில் குட்டையாக நின்றுவிடும். வளர்தட்டை மூடுவது, ஆண்களிலும்கூட, பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜன்தான். அந்த ஹார்மோனை உணரும் ஏற்பி வேலை செய்யாத ஓர் ஆண் 28 வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தது 1994-இல் மருத்துவ இதழில் பதிவானது. தசை வளர்க்க எடுக்கும் ஸ்டீராய்டுகள் வளரும் வயதினருக்கு ஆபத்தாவது இதனால்தான்: அவற்றில் பல உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித் தட்டை முன்கூட்டியே மூடிவிடுகின்றன. தட்டு மூடிய பிறகு எந்தப் பொடியும், கம்பியில் தொங்குவதும், உயரத்தைக் கூட்டாது.

மரபணுதான் எல்லாம் என்பவர்களுக்கு நெதர்லாந்தைக் காட்டலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டு இளைஞர்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ. இன்று 183 செ.மீ.யை ஒட்டி நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டில் மரபணு இவ்வளவு மாறியிருக்க முடியாது. தூய நீர், கழிவகற்றல், பால், தொற்றுநோய்க் குறைவு, சிறிய குடும்பம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரமும் இதையே சொல்கிறது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல சூழலும் கிடைத்த குழந்தைகளின் நீளம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வரும் சூழலில் குடல்சுவர் அழற்சியுற்று, தட்டில் இருக்கும் உணவு உடலில் சேராமல் போகிறது. அங்கே சத்துணவோடு கழிப்பறையும் மருந்துதான்.

மனமும் கணக்கில் வரும். பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்வாளர் எல்சி விடோசன் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களைக் கவனித்து, 1951-இல் எழுதினார். ஓர் இல்லத்துக்குக் கூடுதல் உணவு வந்தது. ஆனால் அதே நேரத்தில், சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளைத் திட்டும் கண்டிப்பான காப்பாளரும் அங்கே மாற்றலாகி வந்தார். கூடுதல் உணவு கிடைத்த பிள்ளைகளே, அது கிடைக்காத மற்ற இல்லத்துப் பிள்ளைகளைவிடக் குறைவாக எடை கூடினார்கள். அன்பின்றி வளரும் குழந்தைகளில் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பு அடங்கிப்போவதையும், சூழல் மாறியதும் மீள்வதையும் பிற்காலத்தில் பலர் பதிவு செய்தார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு: அளவு இயல்பாகத் தெரிந்தாலும் பாதிப்பு பின்னால் வெளிப்படலாம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைத் தாக்கிய பஞ்சத்தின்போது, கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்கள் பிறப்பு எடையில் இயல்பாகவே இருந்தார்கள். நடுவயதில்தான் இதய நோய் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. எடை குறைவாகப் பிறந்து, பிறகு சிறு வயதிலேயே வேகமாகக் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு அதிகம். "மெலிந்து பிறந்தான், நன்றாக ஏற்றிவிட்டோம்" என்று இனிப்பும் எண்ணெயுமாக ஊட்டும் வீடுகளில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணமாக 5, 6 வயதில் குழந்தை மிகவும் ஒல்லியாகத் தெரியும். அது உடலின் இயல்பான கட்டம், ஊட்டி நிரப்ப வேண்டிய பள்ளம் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது தடுப்பூசி அட்டை, பள்ளியில் குறித்த பழைய அளவுகள், பெற்றோர் இருவரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். உயரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அளந்தே எழுதுங்கள்; ஆண்கள் சற்றுக் கூட்டிச் சொல்வது வழக்கம். இருவர் உயரத்தின் சராசரியோடு மகனுக்கு 6.5 செ.மீ. கூட்டியும், மகளுக்குக் கழித்தும் வருவது எதிர்பார்க்கும் உயரம். அப்பா எந்த வயதில் குரல் உடைந்தார், அம்மா எந்த வயதில் பெரியவளானார் என்பதும் உதவும். குடும்பத்திலேயே தாமதமாகப் பூப்பவர்கள் இருந்தால், இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது (எலும்பின் முதிர்ச்சியை வைத்துக் கணிக்கும் வயது) பிந்தியிருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆண்டு வேகமும் சரியாக இருந்தால் மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் போதும். எலும்பு வயது பிந்தியிருந்து வேகமும் குறைவாக இருந்தால் தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.