என்எம்எம்எஸ் உதவித்தொகை: தேர்வில் ஜெயித்த பிள்ளைகள் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு பெண் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ், அதாவது தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வானாள். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். பள்ளியில் சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். இப்போது அவள் பிளஸ் ஒன். இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடம், மொத்தம் 48,000 அவளுக்குச் சேர வேண்டியது. அவள் மார்க்கில் ஒரு குறையும் இல்லை. பேப்பர் வேலையில்தான் எல்லாம் போனது. அதனால் இந்தக் கட்டுரையில் தேர்வைப் பற்றிக் கொஞ்சமாகவும், தேர்வுக்கு முன்னும் பின்னும் நடக்கும் அலைச்சலைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. பணமில்லாமல் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்று ஒன்றிய அரசு 2008-இல் தொடங்கிய திட்டம் இது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். முன்பு ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்தது 2017-இல் 12,000 ஆனது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

தேர்வை மாநிலத் தேர்வுத்துறை நடத்துகிறது. வழக்கமாக பிப்ரவரியை ஒட்டி ஒரு சனிக்கிழமை. காலையில் மனத்திறன் தாள் 90 கேள்வி, அப்புறம் படிப்பறிவுத் தாள் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கணக்குக்கு ட்யூஷன் வைக்கும் வீடுகள் அறிவியலைச் சும்மா விட்டுவிடுகின்றன. ஆனால் அதில் கணக்கைவிட 15 மார்க் கூடுதலாக இருக்கிறது.

அறிவியல் கேள்விகளில் கிராமத்துப் பிள்ளைகள் சறுக்குவது தெரியாததால் அல்ல. பால் தயிராவதையும் இரும்பு துருப்பிடிப்பதையும் தினமும் பார்க்கிறார்கள். இவை இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று புத்தகப் பெயரில் கேட்கும்போதுதான் திணறுகிறார்கள். சாமி மாடத்தில் வைத்த கற்பூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதங்கமாதல் என்று பெயர் என்பது மறந்துபோகிறது. ஆகவே பெயர்களைப் படிக்க வையுங்கள். இன்னொன்று: கேள்விகள் ஏழாம் வகுப்பு முழுப் பாடத்திலிருந்தும் எட்டாம் வகுப்பில் அதுவரை நடத்திய பாடத்திலிருந்தும் வரும். ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் இருக்கும் ஒளியியல், அண்டம், பலபடி வேதியியல் எல்லாம் ஏப்ரல் அவசரத்தில் ஓட்டப்பட்ட பாடங்கள். அந்தப் புத்தகம் வீட்டில் இருக்கவும் இருக்காது, பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். பாடநூல் கழகத்தின் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். தவறான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை, எனவே வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் ஒரு கேள்வியையும் காலியாக விட வேண்டாம்.

இரண்டு தாளும் சேர்த்து 180-க்கு 72, அதாவது 40 சதவீதம் எடுத்தால் தகுதி. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 32 சதவீதம். ஆனால் 72 எடுத்தவர்கள் எல்லாருக்கும் பணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பட்டியலில் பெயர் வருவதற்கான வாசல்தான். மாவட்டத்துக்கு இத்தனை இடம், அதற்குள் இட ஒதுக்கீடு என்று பிரித்துத்தான் தேர்வு செய்கிறார்கள்.

யார் எழுதலாம்? அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் இருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி என்றால் 50. அப்பா, அம்மா இருவரின் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு மூன்றையும் அரசே ஒரே வளாகத்தில் தரும் உண்டு உறைவிடப் பள்ளியும் கிடையாது. இந்தக் கடைசி விதியை வைத்துக்கொண்டு, அரசு நல விடுதியில் தங்கி வெளியே சாதாரண அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் "நீ ஹாஸ்டல், உனக்குக் கிடையாது" என்று சொல்லிவிடுகிறார்கள். தடை உறைவிடப் பள்ளிக்குத்தான். தங்குவது விடுதி, படிப்பது வேறு பள்ளி என்றால் அந்தப் பிள்ளை தாராளமாக எழுதலாம். தலைமை ஆசிரியரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

விண்ணப்பம் பள்ளி வழியாக மட்டுமே போகும். படிவத்தை நிரப்பி 50 ரூபாய் கட்டணத்தோடு பள்ளியில் கொடுத்தால் அவர்கள் இணையத்தில் ஏற்றுவார்கள். நன்றாகப் படிக்கும் நாலு பேரை மட்டும் பொறுக்கி எழுத வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தகுதியுள்ள பிள்ளையைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

இனி பெயர் விவகாரம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது கல்வித்துறையின் இணைய மாணவர் பதிவேட்டில், முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெயர், பிறந்த தேதி இரண்டும் மூன்று இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இதை ஏழாம் வகுப்பு விடுமுறையிலேயே சரி செய்யுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்கினால் ஆதார் மையத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் நடந்தே செருப்பு தேய்ந்துவிடும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இப்போது உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் எதுவும் நகராது. பிள்ளைக்கு 15 வயதானதும் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு சமயத்தில் வரும் வேலை இது, படிப்பு நெருக்கடியில் எல்லாரும் மறக்கிறார்கள். 17 வயதுக்குள் செய்தால் இலவசம்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் கவுன்டரில் "ஆகியிருக்கும்மா" என்பார்கள். அவர்கள் சொல்வது கணக்குத் திறக்கும்போது ஆதார் நகல் கொடுத்ததை. உதவித்தொகை வருவதற்கு அது போதாது. ஆதார் எண்ணை வைத்துப் பணம் வந்து விழும் கணக்காக அது, வங்கிகளுக்கு நடுவில் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ-யில் பதிவாகியிருக்க வேண்டும். இந்தப் பதிவுக்குத்தான் சீடிங் என்று பெயர். அரசுப் பணம் நேராகக் கணக்கில் விழுவது டிபிடி. எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "என்பிசிஐ சீடிங் ஆகியிருக்கா, டிபிடி வருமா?" படிவம் எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையை நீங்களே பார்க்கவும் முடியும். பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எது இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் பணம் போகும். பணம் வரவில்லை என்று ஒரு வருடம் அழுத குடும்பத்துக்கு, அது வேறொரு கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கும் என்பதால் அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். பணம் மாதாமாதம் வராது, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வரும். அதுவும் தாமதமாகத்தான்.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுவும் அல்ல. அவள் படித்தது நடுநிலைப் பள்ளி, எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். தேர்வில் ஜெயித்தால் மட்டும் பணம் வராது. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில், அதாவது என்எஸ்பி-யில், புதிய விண்ணப்பம் போட வேண்டும். இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பழைய பள்ளியில் போய்க் கேட்டால், "டிசி கொடுத்தாச்சும்மா, இனி அந்த ஸ்கூல் பொறுப்பு." புதுப் பள்ளியில், "நீங்க எங்க எழுதுனீங்களோ அங்கதான் கேட்கணும்." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்த அம்மா நாலு தடவை அலைந்தார். ஐந்தாவது தடவை போனபோது இணையதளம் மூடியிருந்தது. அந்த வருடம் விட்டால் ஜெயித்த இடம் வீண்தான்.

சரியான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்: பொறுப்பு ஒன்பதாம் வகுப்புப் பள்ளியுடையது. விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பவர் அந்தப் பள்ளியின் பொறுப்பாசிரியர், அடுத்து மாவட்ட அதிகாரி. இரண்டு கட்டமும் தாண்டினால்தான் பணம். டிசி வாங்கும் அன்றே தேர்வுப் பட்டியலில் பிள்ளை பெயர் உள்ள பக்கத்தின் நகலை வாங்கி, புதுப் பள்ளியில் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது ஜூலையில் மறந்துபோகும்.

விண்ணப்பத்தைக் கடையில் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் கடைக்காரர் தன் போன் நம்பரைப் போட்டுவிடுவார். அப்புறம் "விண்ணப்பத்தில் குறை இருக்கிறது, திருத்துங்கள்" என்ற செய்தி அவருக்குத்தான் போகும், உங்களுக்கு அல்ல. உங்கள் நம்பர், உங்கள் பாஸ்வேர்டு, அச்செடுத்த நகல் மூன்றும் கைக்கு வராமல் கடையைவிட்டு நகராதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உள்ளே போய் நிலை என்ன என்று பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். உதவித்தொகை ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று ஓடிபி கேட்டு வரும் போன் எல்லாம் திருட்டுதான்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேசை மேசையாக நகரும், தேர்தல் சமயத்தில் நின்றே போகும். முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது. ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 500-க்கு 300 வேண்டும், எஸ்சி, எஸ்டி என்றால் 275. பத்து முடித்து பாலிடெக்னிக், ஐடிஐ சேர்ந்தாலோ, பிளஸ் ஒன் தனியார் பள்ளியில் சேர்ந்தாலோ உதவித்தொகை நின்றுவிடும். சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மீதி 24,000 போகும் என்று தெரிந்து சேருங்கள்.

பள்ளியும் அலுவலகமும் பந்தாடினால் 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரி துறையில் மனு பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு: "என் மகளின் விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்த அதிகாரியிடம், என்ன காரணத்தால் நிற்கிறது?" 30 நாளில் பதில் தர வேண்டும். பல சமயம் பதில் வருவதற்கு முன்னாலேயே ஃபைல் நகர்ந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணின் தம்பி இப்போது ஏழாம் வகுப்பு. ஆதாரில் அவன் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல் விடுபட்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை சேவை மையத்தில் டோக்கன் போட்டிருக்கிறோம்.